கதவு திறக்கட்டும் என்ற குரல்

மரியநாயகம் அண்ணை போய்விட்டார் என்று அவருடைய தங்கை மகன் குருநகரிலிருந்து சைக்கிளில் வந்து சொன்னான். மின்சாரம் இல்லாததால் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி நான் வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்த நேரம். வானொலியை அப்படியே விட்டுவிட்டுச் சட்டையை மாட்டினேன்.

உங்களில் பலருக்கு அவர் வானொலிக் குரல். தொலைக்காட்சி வந்ததும் ‘மூன்று கதவுகள்’ போட்டிக்கு அறிவிப்பாளரானார். போட்டியாளர் ஒரு கதவைத் தெரிவு செய்ய, அண்ணை ராகம் இழுத்து, “கதவு திறக்கட்டும்!” என்பார். கதவின் பின்னால் பரிசும் இருக்கலாம், பழைய விளக்குமாறும் இருக்கலாம். கிடைத்ததை எடுத்துக்கொண்டு அந்தக் கதவால் வெளியே போனவர் திரும்பி உள்ளே வர முடியாது. அது போட்டியின் விதி.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்தபின், தாயில்லாத மகள் ஜெசிந்தாவைத் தூக்கிக்கொண்டு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கினார். வானொலியில் அவரோடு நாடகம் நடித்த நானும் அதே கப்பலில்தான் வந்தேன். அதன்பிறகு ஒலிபெருக்கியில் பேசச் சொல்லி யார் கேட்டாலும் மறுத்துவிடுவார்.

“அந்தக் குரல் கொழும்பிலை எரிஞ்சுபோச்சு, தம்பி.”

எனக்கு எரிச்சலாக இருக்கும். இவ்வளவு கர்வம் கூடாது என்று முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன்.

பிறகு போரில் பாதை பூட்டப்பட்டது. வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று ஒருவர் பிணை நிற்கவும் வேண்டும். அவர் வரும்வரை பிணை நின்றவர் அசைய முடியாது. ஜெசிந்தாவுக்குக் கொழும்பில் படிக்க இடம் கிடைத்தபோது அண்ணை பிணை நின்றார். பாஸ் எழுதிக்கொடுக்கும் கந்தோர் மேசையில் இருந்தவர் அண்ணையின் குரலை அடையாளம் கண்டுவிட்டார்.

“ஐயா, அந்தக் கதவுக் கதையை ஒருக்காச் சொல்லுங்கோவன், கேப்பம்.”

மறுத்துவிடுவாரோ என்று பயந்தேன். அண்ணை மகளைப் பார்த்தார். வரிசையில் நின்ற சனமெல்லாம் கேட்க, பழைய ராகத்தோடு, “கதவு திறக்கட்டும்!” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. ஜெசிந்தா போனாள்.

அடுத்த ஆண்டே அவருக்கு நெஞ்சு வருத்தம். இங்கே வைத்தியம் இல்லை, கொழும்புக்குத்தான் போகவேண்டும் என்றார் டாக்குத்தர். மகள் திரும்பினால்தான் அவர் போகலாம். வருவதாக அவளும் சொல்லியனுப்பினாள். கொழும்புக்குப் புறப்பட்ட அயலவரிடம் அண்ணை பதில் சொல்லியனுப்பினார்.

“வெளியிலை போனவை திரும்பி உள்ளுக்கை வரேலாது. எங்கடை போட்டியின்ரை விதி அதெண்டு போய்ச் சொல்லும்.”

“இது விளையாட்டில்லை அண்ணை!” என்று கத்தினேன்.

“ஓம், தம்பி. வந்தா அவளும் இங்கை அடைபட்டுப்போவாள். அதுதான் வரவேண்டாமெண்டு சொல்லுறன்.”

சேமக்காலையில் அவரை அடக்கம் செய்தபோது ஜெசிந்தா இல்லை. செய்தியே அவளுக்கு இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. பிணை நின்றவரும் போய்விட்டார். இனி அவளைத் திரும்பி வரச் சொல்லி யாரும் கேட்க முடியாது. எனக்குப் பிணை நிற்க ஒருவரும் இல்லை, நான் இங்கேதான் கிடப்பேன். அந்தக் கந்தோரில் கேட்ட குரல் என்னோடு இருக்கிறது. அது ஒரு கதவைத் திறந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.