நீலக் கதவுக்கு வந்த பதில்

என் வீட்டுக்காரர் ஏறக்குறைய பதினையாயிரம் பேருக்குப் பதில் எழுதியிருக்கிறார். ஒன்றில்கூட அவர் பெயர் கிடையாது. எல்லாவற்றின் அடியிலும் வேட்பாளரின் பெயர்தான் இருக்கும், பக்கத்தில் அவருடைய சிரித்த முகம்.

அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு மின்விசிறிக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தார். விசிறி சுற்றவில்லை என்று எழுதுகிறவரிடம் மனமார வருந்திவிட்டு, விசிறியைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் கடிதத்தை முடிக்கும் வித்தை அங்கேதான் கைவந்தது. வீட்டிலும் அதே கதைதான். குழாய் ஒழுகுகிறது என்று நான் சொன்னால், உன் கஷ்டம் புரிகிறது என்பார். குழாய் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

தேர்தலுக்கு ஏழு மாதம் இருக்கும்போது அந்த வேட்பாளர் இணையத்தில் ஒரு மன்றம் திறந்தார். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், பெயர் சொல்ல விருப்பமில்லாதவர்கள் புனைபெயரிலும் கேட்கலாம், நானே பதில் சொல்கிறேன் என்று விளம்பரம். பதில் சொன்னது ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் உட்கார்ந்திருந்த ஆறு பேர். வேட்பாளர் அங்கே வந்தது ஒரே ஒரு தடவை. தட்டச்சு செய்வது போலப் படம் எடுத்துக்கொண்டு போனார். கணினி அணைந்திருந்ததாம்.

அங்கே பன்னிரண்டு பதில்கள் தயாராக இருந்தன. சாலை என்றால் ஒன்றாம் எண், வேலை என்றால் இரண்டாம் எண், கட்டட இடிப்பு என்றால் ஐந்தாம் எண். ஆனால் ஒரு விதி உண்டு. கேட்டவர் எழுதியதிலிருந்து சின்னதாக ஒரு விஷயத்தை எடுத்துப் பதிலில் கோர்க்க வேண்டும். மகளின் பரீட்சை, வாசலில் இருக்கும் பள்ளம், முழங்கால் வலி, இப்படி ஏதாவது. அப்போதுதான் வேட்பாளரே உட்கார்ந்து படித்திருக்கிறார் என்று நம்புவார்கள். இதில் எங்கள் வீட்டுக்காரரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு நாளைக்கு எழுபது எழுதுவார். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'பதில்'.

வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்கள். என்னிடம் மட்டும் சொன்னார். நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். பெருமைப்பட்டேன். நான் ஒரு கண் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறவள். கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு காத்திருக்கும் பெரியவர்கள், செல்போனைத் துணைக்கு வந்தவர்களிடம் கொடுத்து அந்தப் பதில்களைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். எவ்வளவு நல்ல மனுஷன் என்பார்கள். அந்த மனுஷன் எங்கள் வீட்டில் இருக்கிறார் என்று சொல்ல என் நாக்கு துடிக்கும்.

இந்த இடத்தில்தான் என் நாத்தனார் வருகிறார். என் வீட்டுக்காரரைவிட எட்டு வயது மூத்தவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சந்தையில் ஒரு சின்னக் கடையில் குடை, பை, ஜிப் எல்லாம் பழுது பார்க்கிறார். அந்தக் கடைக்கு நீல மரக்கதவு. கடை திறந்தபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இவர்தான் பெயிண்ட் அடித்தார். தலைமுடியெல்லாம் பெயிண்ட் ஒட்டி, கடைசியில் மொட்டை அடிக்க வேண்டியதாகிவிட்டது. குடும்பத்தில் நாலு பேர் கூடினால் இன்றும் அந்த மொட்டையைப் பற்றித்தான் பேச்சு.

சந்தையை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் கட்டப் போவதாக அறிவிப்பு வந்தது. ஒரு மாதத்துக்குள் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குப் புதுக் கட்டடத்தில் இடம் உண்டு, போடாதவர்களுக்கு இல்லை. அண்ணிக்கு மூன்றாம் மாடியில் ஒதுக்கியிருந்தார்கள். குடைக் கம்பி மாற்ற எவன் மூன்று மாடி ஏறுவான்? கையெழுத்துப் போடவா வேண்டாமா என்று என்னிடம் வந்து புலம்பினார். மன்றத்தில் கேளுங்கள், எல்லாருக்கும் பதில் போடுகிறார் என்று நான்தான் சொன்னேன்.

எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. நேரடியாகக் கேட்டால் இவர் அலுவலக விதியைச் சொல்லி நழுவிவிடுவார். அக்காவின் எழுத்தைக் கண்ணால் பார்த்தால் மனம் இளகி வேட்பாளரின் காதில் போடுவார். அதனால் இவரிடம் வாயே திறக்கவில்லை.

அண்ணி 'நீலக் கதவு' என்ற புனைபெயரில், தம்பி அதற்கு வர்ணம் அடித்ததையும் சேர்த்து எழுதினார். மூன்றாம் நாள் பதில் வந்தது. அண்ணி போனில் படித்துக் காட்டினார். "சகோதரி, உங்கள் வரிகளை இரண்டு முறை படித்தேன். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். உங்கள் தம்பி தன் கையால் வர்ணம் அடித்த அந்த நீலக் கதவை யாரும் தொட நான் விடமாட்டேன்." எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தன்னைத் தானே எழுதிக்கொண்டாரே! அக்கா என்று தெரிந்து, மேலிடத்தில் பேசிவிட்டுத்தான் எழுதியிருக்கிறார் என்று நிம்மதியானேன். அவராகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் சொல்லவே இல்லை. அலுவலக ரகசியம் போலும் என்று அதற்கும் பெருமைப்பட்டேன்.

அண்ணி கையெழுத்துப் போடவில்லை. கடைசித் தேதி போனது. வேட்பாளர் ஜெயித்தார். மன்றமும் தொடர்ந்தது, இவர் வேலையும் தொடர்ந்தது. இரண்டாவது மாதம், பதினைந்து நாளில் கடையைக் காலி செய்யச் சொல்லி அண்ணிக்கு ஓலை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். முகத்தில் கவலையே இல்லை. அந்தப் பதிலை அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். ஜெயித்தவரிடம் தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லத்தான் வந்திருந்தார். தம்பி அந்த ஆபீசில் ஏதோ கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

"பாருடா, உன்னைக்கூட எழுதியிருக்கார்," என்று உறையை நீட்டினார்.

இவர் வாங்கிப் படித்தார். பாதியில் கண் நின்றுவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை. அந்த வரிகளை அவர் அப்போதுதான் முதல் தடவையாகப் படிக்கிறார் என்று எனக்கு விளங்கியது. எழுபதில் ஒன்று, ஐந்தாம் எண், நடுவில் கோர்க்க ஒரு நீலக் கதவு. கண்ணில் பட்டதை எடுத்துக் கோர்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

"அக்கா, இதை எழுதினது அவர் இல்ல. நான்."

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. நீ சொல்லித்தான் அவர் எழுதினாரா என்று சந்தோஷமாகவே கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டு பன்னிரண்டு பதில்களையும், டயர் கடை மாடியையும், அந்த விதியையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அண்ணி முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"சரிடா. அந்தத் தம்பி யாருன்னுகூடவா உனக்குத் தெரியல?"

பதினையாயிரம் பேருக்குப் பதில் சொன்ன மனிதர் உறையை மேசையில் வைத்து அதன் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். அண்ணி என் பக்கம் திரும்பினார். எனக்குத் தெரியுமா என்று அவர் கேட்பதற்குள், தெரியும் அண்ணி என்று நானே சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உறையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் இவர் ஜெயித்தவரின் செயலாளரிடம் போய் நின்று, அக்கா விஷயமாக அவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாராம். மன்றத்தில் எழுதச் சொல்லுங்கள், பதில் போட்டுவிடலாம் என்றாராம் செயலாளர். இவர் சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய் அன்றைய எழுபதையும் எழுதி முடித்தார். அடுத்த நாளும் வேலைக்குப் போனார். நானும் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன்.

கடை போய்விட்டது. அண்ணி இப்போது ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து பழுது பார்க்கிறார். போன மழையில் எங்கள் வீட்டுக் குடையின் கம்பி முறிந்தது. அதை அவரிடம் எடுத்துக்கொண்டு போக எங்கள் இரண்டு பேருக்கும் முகமில்லை. புதுக் குடை வாங்கிக்கொண்டோம்.