தரையிலிருந்து நூற்றைந்து மில்லிமீட்டர்

என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து அந்தக் காரைப் பார்த்தவர்கள் எல்லாரும் வேகத்தைத்தான் கேட்டார்கள். அதன் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. அதைக் கவனிக்க வேண்டியவன் நான். மெக்கானிக் நான்தான்.

கார் எங்களுடையது இல்லை. என் அக்காவின், எங்கள் வழக்கில் லாத்தாவின், கணவர், என் மச்சான், வளைகுடாவில் ஒரு சென்னைக்காரருக்கு இருபது வருஷம் கார் ஓட்டியவர். அந்த முதலாளி வாங்கியது. உலகத்திலேயே சில நூறு வண்டிதான் செய்தார்களாம். இங்கே வரி குறைவு என்று காரைக்கால் நம்பர் போட்டார். முகவரிக்குப் போலகம் கிராமத்தில் லாத்தா வீடு. வண்டியும் அங்கேயே ஷெட்டில் கிடந்தது. வாரம் ஒரு தடவை என் ஒர்க்‌ஷாப் வரை ஓட்டி வைப்பது மச்சான் பொறுப்பு.

முதலாளி நான்கு பக்க விவரத்தாள் அனுப்பியிருந்தார். மச்சான் டீயோடு உட்கார்ந்து என்னைப் படிக்கச் சொன்னார்.

“எட்டு சிலிண்டர். ஐநூத்தி இருவது குதிரை.”

“அவ்வளவு குதிரைய எங்க மாப்ள கட்டிப் போட்டுருக்கான்?”

“உங்க முதுகுக்குப் பின்னாடி. சீட்டுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இன்ஜின். முதுக ஒட்டி பெட்ரோல் டேங்க்.”

“அப்ப முன்னாடி பானட்டுக்குள்ள என்னாதான் இருக்கு?” என்றாள் லாத்தா.

“ஒரு பை வைக்கலாம்.”

“கிறுக்கன் செஞ்ச வண்டி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சிரித்தோம்.

மணிக்கு முந்நூற்று இருபது கிலோமீட்டர். நான்கு செகண்டுக்குள் நூறு. உடம்பு முழுக்கக் கார்பன் நார். மூன்றாம் பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது. தரையிலிருந்து உயரம் நூற்றைந்து மில்லிமீட்டர், அடிப்பக்கம் முழுக்கத் தகடால் மூடியது. அதையும் சத்தமாகத்தான் படித்தேன்.

எங்கள் பக்கத்து வேகத்தடையில் அந்த உயரம் ஏறாது. ஒவ்வொரு தடவையும் பின்பக்க அடித்தகடு உரசிக் கத்தியது. “உடைஞ்சா முதலாளிக்கு என்னா பதில் சொல்றது? கழட்டி வச்சிடு மாப்ள” என்றார் மச்சான். கழற்றினேன். இரண்டு தகடு. காற்றைக் கிழித்துப் போவதற்காக வைத்தது, நாம் போகிற வேகத்துக்கு எதற்கு என்று நினைத்தேன். சைலன்சர் குழாய் வெளியே தெரிந்தது. பார்த்துவிட்டுத்தான் கையைத் துடைத்தேன்.

பங்குனியில் உளுந்தைச் செடியோடு பிடுங்கி ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி நெற்று உடையும். அப்புறம் தூற்றி அள்ளுவார்கள். எங்கள் பக்கம் உளுந்தின் மேல் ஏற்றித்தான் ஓட்ட வேண்டும். ஒதுங்கிப் போனால்தான் திட்டு விழும்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து சோறு தின்ற பிறகு, ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கிறேன் என்று லாத்தா கேட்டாள். மச்சான் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நான் பைக்கில் பின்னால் போனேன். வயலோரம் ரோடு முழுக்க உளுந்து. மச்சான் வேகத்தைக் குறைத்தார்.

உளுந்துக்காரம்மா துடைப்பத்தை ஆட்டிக் கூப்பிட்டாள். “வாங்க வாங்க, மேல ஏத்துங்க! இதென்னா பாய், வண்டியா பல்லியா, இப்படித் தரையோட ஊர்ந்து வருது? ஒரு தடவ பத்தாது, திரும்பி வாங்க!”

மச்சானுக்கு அது போதும். போனார், திரும்பினார், மறுபடி போனார். இருபது கிலோமீட்டர் வேகம்கூட இல்லை. நான் பைக்கை ஓரம் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றேன். காய்ந்த செடி கொத்துக் கொத்தாக வண்டிக்கு அடியில் போய், நான் கழற்றிய இடத்தில் சிக்கிக்கொண்டிருந்தது. குழாய் தீயாய்க் கொதித்துக்கொண்டிருந்தது.

வாடை வந்தபோது எங்கேயோ வைக்கோல் கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது சுற்றில் வண்டி என்னைத் தாண்டியது. பின்னால் வால் மாதிரி செடி தொங்கியது. நுனியில் சிவப்பு.

கத்தினேன். இன்ஜின் காதுக்குப் பின்னால் உறுமும் வண்டியில் வெளிச் சத்தம் கேட்காது. பின்கண்ணாடி ஒரு சாண் அகலம்தான். வேறு வண்டி என்றால் புகை முகத்துக்கு நேரே வரும். இதில் முதுகுக்குப் பின்னால் எரிந்தது. நான் கையை ஆட்டியதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்த மச்சான் பாராட்டு என்று நினைத்து அவரும் கையைத் தூக்கினார். உளுந்துக்காரம்மாதான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். மச்சான் உளுந்தின் மேலேயே நிறுத்தினார்.

மேல்நோக்கித் திறக்கும் கதவைத் தூக்கி லாத்தாவை நான் இழுத்தேன். மச்சான் தன் பெல்ட்டை அவிழ்ப்பதற்குள் சீட்டுக்குப் பின்னால் டேங்க் தீப்பிடித்துக்கொண்டது.

உயிர் போகவில்லை. முதுகு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கவிழ்ந்துதான் படுத்திருந்தார். எப்படிப் பற்றியது என்று விசாரிக்க முதலாளியின் ஆள் வருவதாக போன் வந்தது. அதை நான் சொன்னதும் மச்சான் தலையணைக்குள் முகத்தை வைத்தபடியே, “தகட்ட நானே கழட்டுனேன்னு சொல்லிடு மாப்ள. ஒன் கடைய மூட வச்சிருவானுங்க” என்றார்.

பக்கத்தில் லாத்தா விசிறிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“எந்தத் தகடு?” என்றாள்.

நான் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். இரண்டு தகடும் சுவரோரம் சாய்ந்திருந்தன. பைக்கில் கட்டி எடுத்து வந்து, ஆஸ்பத்திரி வாசலுக்கு லாத்தாவைக் கூப்பிட்டு அவள் முன்னால் வைத்தேன்.