பள்ளத்தைச் சுற்றி ஒரு கோலம்

நாகல் நகரில் எங்கள் தெருமுனையில் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை அரைகுறையாக மூடிவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் வண்டியோடு விழுந்த பிறகு, எதிர்வீட்டுச் செல்வி அக்கா தினமும் அதைச் சுற்றிப் பெரிய கோலம் போட ஆரம்பித்தார்.

அதன்பின் ஒருவரும் விழவில்லை. கோலத்தின் மேல் வண்டியை ஏற்ற யாருக்கு மனசு வரும்?

தெருவே திரண்டு போய் மனுக் கொடுத்ததில், இன்று காலை தாரும் ஜல்லியுமாக ஆட்கள் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் வேலையைத் தொடங்காமல் ஓரமாக நின்றார்கள்.

"என்னப்பா, சும்மா நிக்கிறீக?" என்று கேட்டேன்.

"கோலம் இம்புட்டு அழகா இருக்கு. எப்படிண்ணே மிதிக்கிறது?"

செல்வி அக்கா ஒரு வாளித் தண்ணீரோடு வந்து தானே அதைக் கழுவிவிட்டார்.

"அட, மூடுங்க சாமி! இதுக்குத்தான இம்புட்டு நாளாப் போட்டேன்."

மதியத்துக்குள் ரோடு வழவழவென்று ஆகிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். சாயங்காலம் பார்த்தால் ஒவ்வொரு பைக்கும் பறக்கிறது. அக்கா வாசலில் நின்று முறைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நாளைக்கும் அங்கனயே கோலத்தப் போட்டுற வேண்டியதுதான்."

ஆக, எங்கள் தெருவில் வேகத்தடை இனி தாமரைக் கோலம். உங்கள் தெருவில் எப்படி?