எங்கட ஆளுக்கு முதுகு நோ

போன மாதம் டொரொன்டோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில் கார் வாங்கப் போயிருந்தேன். விற்பனைக்கு நின்றவர் எங்கட தமிழ்ப் பெடியன்தான். மூச்சு விடாமல் காரின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டே போனார். நான் கண்ணாடிப் பலகை மாதிரி இருந்த திரையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஏஎம் ரேடியோ எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"ஏஎம் இல்லை அங்கிள். உதை இப்ப ஆர் கேக்கினம்? ஃபோனைக் கனெக்ட் பண்ணுங்கோ, எந்த பாட்காஸ்டும் கேக்கலாம்."

அங்கிள் என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஆனால் வீட்டுக்கு ஓட்டி வரும்போது 401 நெடுஞ்சாலையில் ஒரு பாலத்துக்குக் கீழே போக, காது தன்பாட்டில் அந்தக் கரகரப்பை எதிர்பார்த்தது. ஏஎம் கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும், பாலத்துக்குக் கீழே சத்தம் செத்து, வெளியே வந்ததும் உயிர்க்கும். அப்படிச் செத்துச் செத்து உயிர்த்த ஒரு குரலைத்தான் என் முதல் வேலைக்காலம் முழுக்கக் கேட்டேன். தமிழ்க் குரல் அல்ல, கனடாக் குரல்கூட அல்ல. வாவிக்கு அக்கரையில், அமெரிக்காவில் இருந்து பேசிய ஒரு வெள்ளைக்காரரின் குரல்.

அப்போது நாங்கள் மூன்று பேர் டொரொன்டோவின் கிழக்கே மோர்னிங்சைடில் இருந்து மேற்கே ரெக்ஸ்டேலுக்கு ஒரே வான் வண்டியில் வேலைக்குப் போவோம். உறைந்த உணவு பொதி செய்யும் தொழிற்சாலை, பின்னேர ஷிஃப்ட். வான் தவம் அண்ணையுடையது. ஏறினால் முதலில் சந்தனக்குச்சி மணக்கும், அடுத்து ஈரச் சப்பாத்து, அதற்குமேல் ரெஜினா அக்காவின் மீன் கட்லட். ரெஜினா அக்கா மன்னார்க்காரி. வலப்பக்கப் பின் சீற்று அவருடையது, அதில் வேறு யாரும் இருந்தால் பொல்லாத கோபம் வரும். நான் முன்னால் இருப்பேன். வான் ஓட்டுகிறவரின் கையில்தான் ரேடியோ. எங்கள் வானின் ஒரே சட்டம் அதுதான்.

மத்தியானம் வானைக் கிளப்பியதும் அண்ணை அந்த நிகழ்ச்சியைப் போடுவார். நடத்துகிறவருக்குப் பெயர் இருந்தது, ஆனால் அண்ணைக்கு அவர் "எங்கட ஆள்". எங்கட ஆளுக்கு வரி என்றால் களவு. பத்திரிகைக்காரர், தொலைக்காட்சிக்காரர் எல்லாரும் பொய்யர். அரசாங்கம் உதவிக்கு வருகிறது என்றால் ஓடித் தப்ப வேண்டும். எல்லையை இன்றைக்கே பூட்ட வேண்டும். வருகிற ஒவ்வொரு தேர்தலும் நாட்டின் கடைசித் தேர்தல். இடையிடையே தங்கக் காசும், மெத்தையும், மூட்டு நோக் குளிசையும் விற்பார். என்னுடைய தொகுதி எம்பியின் பெயர் கேட்டால் நான் முழிப்பேன். ஆனால் போய்ப் பாராத ஏதோ ஒரு மாநிலத்துச் செனட்டர் எந்தச் சட்டத்தில் கட்சிமாறி வாக்குப் போட்டார் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அப்படி ஒரு ஞானம்.

அண்ணைக்கு அந்த மனிதரை ஏன் பிடித்தது என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒருநாள் அவரே சொன்னார். ஊரில் பக்கத்து ஒழுங்கையில் குண்டு விழுந்து, புகை அடங்க முதல், வானொலிச் செய்தி அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று வாசித்ததாம். "அண்டைக்கு விட்டனான் தம்பி, செய்தியை நம்புறதை." ஆகவே எங்கட ஆள் "உங்களுக்குப் பொய் சொல்கிறார்கள்" என்று முழங்கும்போதெல்லாம் அண்ணை ஸ்ரியரிங்கில் அடிப்பார். "பாத்தீரே ரெஜினா! ஒருத்தன் துணிஞ்சு சொல்லுறான்!"

"உமக்கு அங்க வோட்டுமில்லை, விசாவுமில்லை. உமக்கேன் உந்த விசர்?" பின்னாலிருந்து வரும்.

எல்லைப் பேச்சு வந்தால் அக்கா செபமாலையை எடுத்து உரத்துச் சொல்லத் தொடங்குவார். ஒரு காதில் அமெரிக்கா, மறு காதில் அருள் நிறைந்த மரியே. செபமாலையில் பத்து மணி உருட்டி முடிந்ததும் திரும்பச் சண்டை.

"பார்டரைப் பூட்டச் சொல்லுறார் உம்மட ஆள். நீர் எப்பிடி வந்தனீர்? பூரண கும்பம் வச்சோ கூப்பிட்டவை?"

"அவர் கள்ளரைச் சொல்லுறார். எங்களை இல்லை."

உண்மையில் அண்ணை அதே அமெரிக்காவுக்குள் எப்படியோ நுழைந்து, பஃபலோவில் பாலம் கடந்து கனடாவில் அகதி என்று கை தூக்கியவர். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் அந்தச் சண்டை இல்லாவிட்டால் எனக்கு வேலைக்குப் போன மாதிரியே இருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் அண்ணையின் தம்பி குணம் அமெரிக்காவின் தெற்கு எல்லையில் பிடிபட்டான். பல நாடு தாண்டி வந்து, அமெரிக்கத் தடுப்பு முகாம் ஒன்றில் இருந்தான். விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள். தோற்றால் திருப்பி அனுப்புவார்கள். ஊரில் அவனைத் தேடி இரண்டு தடவை வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள், அதற்குப் பிறகுதான் அவன் வெளிக்கிட்டது. அமெரிக்காவில் மதிப்பான யாராவது ஒரு கடிதம் தந்தால் கொஞ்சம் உதவலாம் என்று லோயர் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்.

அண்ணை இரண்டு நாள் யோசித்துவிட்டு எங்களிடம் சொன்னார்: "எனக்கு அமெரிக்காவில தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. "உம்மை அவருக்குத் தெரியாது தவம்," என்றார்.

"விஷயத்தைச் சொன்னா விளங்கும் ரெஜினா. நியாயமான மனிசன்."

அக்கா பெருமூச்சு விட்டார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? அந்த நிகழ்ச்சியைக் கண்ணில் காட்டக் கூடாத அந்த மனுசிதான் ஒரு மட்டைப் பெட்டியைக் கிழித்து, அதில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். அதோடு விடவில்லை. ஒரு கிழமை முழுக்க மோர்னிங்சைடில் இருந்து ரெக்ஸ்டேல் வரை அவரே எங்கட ஆளாக நடித்து, அண்ணையைப் பேசவைத்துப் பழக்கினார். "சுகம் விசாரிக்காதையும். அரை நிமிசம்தான் தருவினம். என்ர தம்பி எண்டு தொடங்கும்."

"எடுத்த எடுப்பில எப்பிடி? ஒரு மரியாதை வேண்டாமே?"

"வேண்டாம்!"

அன்றைக்கு நேரத்தோடு வந்து தொழிற்சாலை வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்தினோம். ரேடியோவை நிற்பாட்டிவிட்டு, அண்ணை தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்திருந்தார். அழைப்பை எடுத்த பெண் எங்கிருந்து, என்ன விஷயம் என்று கேட்டாள். நெடுநாள் நேயர், வரியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றார் அண்ணை. தம்பி விஷயம் என்றால் உள்ளே விடமாட்டார்கள் என்று அவரே போட்ட திட்டம். காத்திருந்தோம். வெளியே பனி கொட்டியது. திடீரென்று எங்கட ஆளின் குரல், எங்கள் வானுக்குள், எங்களுக்கே.

"டொரொன்டோ, சொல்லுங்கள்!"

அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார். மட்டையைப் பார்த்தார். மட்டையை விட்டுவிட்டு, "ஹலோ சேர், ஹவ் ஆர் யூ சேர்? ஹவ் இஸ் யுவர் பேக் பெயின்?" என்றார்.

அதற்கு முந்தின கிழமை எங்கட ஆள் முதுகு நோ என்று ஒருதரம் முனகியிருந்தார். அதை யார் நினைவில் வைத்திருப்பார்? அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். அங்கே அந்த மனிதர் வெடித்துச் சிரித்தார். இத்தனை வருசத்தில் வாஷிங்டனில் ஒருத்தரும் என் முதுகைக் கேட்கவில்லை, டொரொன்டோவில் ஒரு நல்ல மனிதர் கேட்கிறார், என்று ஊருக்கெல்லாம் சொன்னார். அண்ணைக்கு முகம் மலர்ந்துவிட்டது. நல்லெண்ணெய் சுடவைத்துத் தடவச் சொன்னார். வீட்டில் அம்மாவும் சுகமோ என்று கேட்டார். அவரோ, அங்கே வரி எப்படி என்று கேட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாமா? "டூ மச் சேர்," என்றார் அண்ணை. "கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும், டொரொன்டோ!"

"சேர், மை பிரதர்..."

கட் ஆகிவிட்டது.

அக்கா கட்லட் ஒன்றை எடுத்து அண்ணையின் கையில் வைத்தார். "முதல் நாள்தானே," என்றார் அண்ணை. "இப்ப பழகியாச்சு. அடுத்த முறை நேர விஷயத்துக்குப் போகலாம்." ஆனால் பேசியவரை உடனே திரும்ப எடுக்கமாட்டார்களாம். எத்தனை தரம் அழைத்தும் அந்தப் பெண் விடவில்லை.

அடுத்த கிழமை 401இல் போய்க்கொண்டிருந்தோம். எங்கட ஆள் எல்லையைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தவர், திடீரென்று டொரொன்டோ நண்பரை நினைத்துக்கொண்டார். என் முதுகைக் கேட்டாரே, அந்த மாதிரி மரியாதையான ஆட்கள் வரட்டும், கதவைத் திறப்போம். வேலியால் களவாகப் பாய்கிறவர்களை வந்த வழியே அனுப்புங்கள், என்றார்.

"நிப்பாட்டும் அதை!" என்று அக்கா கத்தினார்.

அண்ணை நிற்பாட்டவில்லை. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "அவரில பிழையில்லை ரெஜினா. அவருக்குத் தெரியாதுதானே. நான்தானே சொல்லேல்லை."

குணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடிதம் கிடைத்திருந்தாலும் ஒன்றும் மாறியிராது என்று லோயர் சொன்னார். நானும் சொன்னேன், அக்காவும் சொன்னார். அண்ணை தலையை ஆட்டினார், நம்பவில்லை. குணம் கொழும்பில் இறங்கியதும் விசாரிக்கக் கொண்டுபோனார்கள். விட்டார்களா, என்ன ஆனான் என்று கன நாளாக ஒரு தகவலும் இல்லை. அதற்குப் பிறகு அண்ணை வான் ஓட்டும்போது ரேடியோவைத் தொடவே இல்லை.

ஒருநாள் அந்த அமைதி தாங்காமல் ரெஜினா அக்கா பின் சீற்றிலிருந்து எட்டிவந்து, சட்டத்தை மீறி, தானே ரேடியோவைப் போட்டார். எங்கட ஆள் வரியைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். "பாரும் தவம், உம்மட ஆள் இண்டைக்கும் பொய்தான் சொல்லுறார்," என்றார் அக்கா. அண்ணை ஏதாவது சொல்லுவார் என்று நானும் காத்திருந்தேன். அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். "திரும்பி ஏசுமன் தவம், ஒருக்கா ஏசும்," என்றார் அக்கா, அழுகிற குரலில்.

"நீர் சொல்லுறது சரிதான் ரெஜினா," என்றார் அண்ணை.

அதோடு எங்கள் வானில் சண்டை நின்றுபோனது.