கேட்டுக்கு வெளியே நின்ற சமரசம்

“…அப்ப நாங்க கேட்டாண்ட நின்னுகினே இருந்தா, நீங்க உள்ள குந்திகினே எங்களோட ராசி ஆயிடுவீங்களா சாமி?”

குப்பத்து மீன்காரி இப்படிக் கேட்டது கூடத்திலிருந்த பெரிய மனுஷர்கள் ஒருவர் காதிலும் விழவில்லை. அவர்கள் கமிட்டித் தலைவரான அக்கிராசனருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சமரசம் பேச வந்த இடத்தில் முதல் காரியம் மாலை! என் காதில் விழுந்தது. மயிலாப்பூரில் அந்தத் தெருமுனையில் சோடாக் கடை வைத்திருந்தவன் நான். கமிட்டி கூடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் கோலி சோடா கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. கூடத்துப் படி வரைக்கும் போகலாம், படியில் ஏறக்கூடாது. என் சாதிக்கு அவர்கள் அளந்து வைத்த தூரம் அது.

சண்டை இதுதான். அந்த வருஷப் புயலில் கடல் ஏறி வந்து குப்பத்துக் கிணற்றை உப்பாக்கிவிட்டுப் போனது. அம்மன் கும்பிடுகிறவர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் இருந்தது அந்த ஒரே கிணறு. பெண்கள் குடத்தோடு எங்கள் தெருக் குழாய்க்கு வர ஆரம்பித்தார்கள். தெருவாருக்குப் பொறுக்கவில்லை. இத்தனைக்கும் குடிக்க அவரவர் வீட்டில் கிணறு இருந்தது. குழாய்த் தண்ணீர் மாடு குளிக்கவும் குரோட்டன்ஸ் செடி குடிக்கவும்தான். “குப்பத்தாள் எவளையும் குழாயில் குடம் வைக்க விடாதே” என்று வீட்டு வேலைக்காரிகளுக்கு உத்தரவு போட்டார்கள். முடியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டதும், குடத்தை உடைத்துக்கொண்டதும் வேலைக்காரிகளும் மீன்காரிகளும். கமிட்டி வைத்துக்கொண்டதோ எஜமானர்கள்.

கமிட்டி கூடியது அக்கிராசனர் வீட்டுக் கூடத்தில். ஜட்ஜு உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர் அவர். குப்பத்தார் அந்தக் கூடத்துக்குள் வரக்கூடாது. பின்னே சமரசம் யாரோடு? நாலு பாஷை படித்த அந்தத் தலைகளில் ஒன்றுக்காவது இது உறைத்ததா என்றால், இல்லை. கடற்கரையில் கூடலாமே என்றார் ஒரு சின்ன வக்கீல். மணல் என்றார் ஒருவர், உப்புக்காற்று நெஞ்சுக்கு ஆகாது என்றார் இன்னொருவர். அப்புறம் கமிட்டிக்கு ‘சமரச சங்கம்’ என்று பேர் வைப்பதா, ‘ஐக்கிய சபை’ என்று வைப்பதா என்று பொழுது சாயும் வரை வாதாடினார்கள். அந்த வாதத்தில் ரோஷப்பட்டு ஒருவர் எழுந்தே போய்விட்டார். ஐக்கியம் அப்படி!

கேட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே தூது நான்தான். மீன்காரிக்கு அன்றைக்கு அவசரம் இருந்தது. அவள் மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். உப்புத் தண்ணீரில் காய்ச்சிய கஞ்சி அவள் வயிற்றில் தங்கவில்லை, மார்பில் பால் வற்றிவிட்டது, குழந்தை ராத்திரியெல்லாம் கத்துகிறது. அதை அப்படியே படியில் நின்று சொன்னேன். காரியதரிசி என்னை நிறுத்தி, சபையைப் பார்த்து, “குப்பத்து ஜனங்கள் குடிஜல அசௌகரியம் குறித்துப் பிரஸ்தாபிக்கிறார்கள்” என்றார். சபை தலையாட்டியது.

கேட்டுக்குத் திரும்பினேன்.

“இன்னா நைனா சொன்னாங்க?”

“அசௌகரியம்னாங்க.”

“அப்டீன்னா இன்னாது, பேதியா?”

“இன்னும் கொஞ்சம் கௌரவமான பேதி” என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபடி உள்ளே போனபோது அக்கிராசனர் சோடாக் கோலியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே, “நான் பெங்களூர் போயிட்டு வந்தப்புறம் சாவகாசமா கூடலாம்னு ஏகமனதா தீர்மானம் ஆயிருக்குன்னு அவகிட்ட சொல்லிடுப்பா” என்றார். சாவகாசமாம்! கைக்குழந்தைக்கு யார் அதைச் சொல்வது? பிறகு வந்தனோபசாரம் தொடங்கியது. எதற்கு வந்தனம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நான் சொன்னதைக் கேட்டு அவள் கூடத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு நேரே குழாயடிக்கு நடந்தாள். என் கடைக்கு எதிரேதான் குழாய் என்பதால் பின்னாலேயே நானும் வந்தேன். சாயங்காலத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அக்கிராசனர் வீட்டு வேலைக்காரி பித்தளைக் குடத்தைக் குழாயடியில் வைத்துக் காவல் நின்றாள். போன சண்டையில் மீன்காரியின் முடியைப் பிடித்து இழுத்தவளே அவள்தான்.

“கிட்ட வராதக்கா. ஐயா பாத்தா என் வேல பூடும்.”

“வேல பூடுமா? இப்ப இந்தக் கொடத்த யாரு தூக்குறது?”

“நான்தான்.”

“பக்கத்தூட்டுக் கொடத்த?”

“அதோ நிக்கிறாளே, அவ.”

“ஒருத்திய நிறுத்திடலாம் கண்ணு. தெருவுல கீற அத்தினி பேரும் ஒண்ணா, ‘யாரையும் தொரத்த மாட்டோம்’னு நின்னுக்கினீங்கன்னா? அத்தினி பேரையும் நிறுத்திட்டு உங்க ஐயாவே பஞ்சகச்சத்தோட வந்து தூக்குவாரா?”

வரிசையில் நின்ற ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இன்னொருத்தி, “மாலைய கழட்டிட்டா, போட்டுக்கினேவா?” என்றாள். சிரிப்பு வரிசை முழுக்க ஓடியது. காவல் நின்றவள் மட்டும் சிரிக்காமல் எஜமானர் வீட்டு மாடியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மற்றவர்களைப் பார்த்தாள். ஒருத்தியும் நகரவில்லை. “நாங்க கீறோம், வுடு” என்றாள் பக்கத்து வீட்டு வேலைக்காரி. காவல் நின்றவள் குனிந்து, பாதி நிறைந்த பித்தளைக் குடத்தை இழுத்து ஓரமாக வைத்து இடம் விட்டாள்.

மீன்காரி தன் மண்குடத்தை வைக்கவில்லை. ஓரம் போன பித்தளைக் குடத்தை மறுபடி குழாயடிக்கே இழுத்தாள். கழுத்து வரை நிறைய விட்டு, தூக்கி அந்த வேலைக்காரியின் இடுப்பில் வைத்தாள். அதற்கப்புறம்தான் தன் குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.