மேல்திட்டுக்கு முதல் தடவை வந்தவர்கள்

18-1-1987. ஆறு பேர். ரூ. 12.
1989, ஆண்டு முழுக்க. ரூ. 4,310.
5-8-1990. நான்கு பேர். ரூ. 0.
15-9-1991. இரண்டு பேர். ரூ. 0.

ஓசூருக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது வயலெல்லாம் மூழ்கி, மேட்டிலிருந்த பதினோரு வீடுகள் மட்டும் தீவாக நின்றுவிட்டன. அதுதான் மேல்திட்டு. மிச்சமிருந்த மேட்டில் விளைந்த ராகி நாலு மாதத்துக்குக் காணும். மற்ற மாதங்களில் ஆண்கள் ஓசூர் பேக்டரிகளுக்கு லோடு ஏற்றப் போனார்கள். கெம்பம்மாவின் கணவர் திம்மப்பன் சனிக்கிழமை வருவார், பரிசலிலேயே தூங்கிவிடுவார், ஞாயிறு சாயங்காலம் திரும்பிப் போவார்.

"உன் புருஷன் மூஞ்சி உனக்கு ஞாபகம் இருக்காடி? முதுகைத்தானே பாக்கறே?" என்பாள் பக்கத்து வீட்டு வெள்ளையம்மா.

1987 பொங்கலன்று பேக்டரிப் பையன்கள் ஆறு பேர் கரையில் நின்று கை தட்டிக் கூப்பிட்டார்கள். கெம்பம்மா பரிசலில் அழைத்து வந்து, களியும் மீன்குழம்பும் போட்டாள். காசு நீட்டியபோது வாங்கவில்லை. முதல் தடவை திட்டில் கால் வைப்பவரிடம் எதுவும் வாங்கக் கூடாது என்பது அங்கே பழைய முறை. அடுத்த ஞாயிறு அதே ஆறு பேரும் வந்து, "இன்னைக்கும் சும்மா போனா நல்லா இருக்காதும்மா" என்று பன்னிரண்டு ரூபாயைக் கூடையில் போட்டார்கள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரம் ஒரு வீடு பரிசல் தள்ள வேண்டும், சமைக்க வேண்டும். வருகிற காசில் கால் பங்கு பரிசலைச் செப்பனிடத் தாருக்கும் மூங்கிலுக்கும் பொதுவில் போகும். கரையில் ஏற்றுமுன் கெம்பம்மா எல்லோரையும் ஒரே கேள்வி கேட்பாள்: "முன்னே வந்திருக்கீங்களா?" சிலர் கூசாமல் இல்லை என்பார்கள்.

"நீ மொத தடவை வர்றது இது மூணாவது தடவைப்பா. ஏறு, ஏறு. காசை மட்டும் எடுத்து வெச்சுக்க."

1989 கணக்கைப் பார்த்தபோது கெம்பம்மாவுக்கு ஓர் ஆசை வந்தது. இது இப்படியே பெருகினால் திம்மப்பன் மூட்டை தூக்கப் போக வேண்டாம். வீட்டிலேயே இருக்கலாம்.

மறு வருஷம், மோட்டார் படகு விட வெளியூர் காண்டிராக்டர் ஒருவர் குத்தகை கேட்டிருப்பதாக அணைக் காவலாளி ராமப்பன் வந்து சொன்னார். திட்டுக்காரர்களும் மனுப் போட்டார்கள்: நாங்கள் மூன்று வருஷமாகப் பரிசல் விடுகிறோம், எங்களுக்கே கொடுங்கள். விசாரிக்க ஓர் அதிகாரி வருவார் என்று பதில் வந்தது. எப்போது என்று அதில் இல்லை.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தூறல். வந்தது ஒரே குடும்பம்: கண்ணாடி போட்ட ஒருவர், மனைவி, இரண்டு பிள்ளைகள். முன்னே வந்திருக்கீங்களா என்று கெம்பம்மா கேட்டாள். இல்லை என்றார். உண்மை. சாப்பிட்டார்கள், திட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். கரைக்குத் திரும்பியதும் அவர், "எவ்வளவு?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாங்க."

"சும்மா சொல்லும்மா. எவ்வளவு வாங்குவீங்க?"

"உங்ககிட்ட வாங்கக் கூடாதுங்க. போயிட்டு வாங்க."

மூன்றாவது தடவை கேட்டபோது கெம்பம்மா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கண்ணாடிக்காரர் எழுதிய அறிக்கையை அக்டோபரில் ராமப்பன் படித்துக் காட்டினார். 'கட்டணம் வாங்கிப் படகு விடும் தொழில் எதுவும் அங்கு நடைபெறவில்லை. குடியிருப்போர் சொந்த உபயோகத்துக்குப் பரிசல் வைத்துள்ளனர்.'

வெள்ளையம்மாவின் மகன் சின்னராஜ் குதித்தான். "எட்டு ரூவா வாங்கியிருந்தா முடிஞ்சிருக்குமே அத்தை! பெரிய தர்மவதி!"

"ஆபீசர்னு நெத்தியில ஒட்டியிருந்துச்சாடா?"

"ஒட்டியிருந்தா வாங்கியிருப்பீங்களா?"

கெம்பம்மா யோசித்துப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு திட்டுக்காரர்களுக்குத் தருமபுரி ஆபீசுக்கு நடை. பஸ்ஸுக்குக் காசு பொதுப் பங்கிலிருந்து போனது. போன வாரங்களில் திட்டில் பரிசல் தள்ள ஆள் இல்லை. இரண்டாம் முறை போனபோது கெம்பம்மா அந்த அதிகாரியையே பார்த்தாள்.

"இன்னொரு தடவை வாங்க சாமி. இந்தத் தடவை கண்டிப்பா காசு வாங்கறோம்."

அவர் சிரித்தார். நல்ல மனுஷன்தான், மீன்குழம்பை இன்னமும் நினைத்துக்கொள்வதாகச் சொன்னார். வருகிறேன் என்றார். அதற்குள் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் கோப்பில் இருப்பதைத்தான் பார்க்க முடியும் என்றார். ஆறாவது நடையில் கெம்பம்மா வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். திம்மப்பனைப் போலவே.

1991 செப்டம்பர் பதினைந்து, ஞாயிறு. அணைப் பக்கமிருந்து மோட்டார் சத்தம் கேட்டது. வெள்ளைப் படகிலிருந்து காண்டிராக்டரும் ஓட்டுநரும் இறங்கினார்கள். அவர் தன்மையாகவே பேசினார். ஐந்து வருஷத்துக்கு உத்தரவாகிவிட்டதாம். பரிசலை இனி ஆள் ஏற்ற விடக் கூடாதாம். சமையலுக்கு இரண்டு பெண்கள் வேண்டுமாம், மாதச் சம்பளம் தருவாராம்.

சின்னராஜ் துடுப்பை எடுத்துக்கொண்டு வந்தான். கெம்பம்மா அவனை ஓரமாக நிற்கச் சொன்னாள்.

"முன்னே வந்திருக்கீங்களா?" என்று காண்டிராக்டரைக் கேட்டாள்.

"இல்லைம்மா. இதான் முதல் தடவை."

"உக்காருங்க."

இரண்டு தட்டில் களி போட்டு, குழம்பை ஊற்றினாள். திம்மப்பன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் அவர் வேலைக்குப் போக வேண்டும். காண்டிராக்டர் எழுந்து சட்டைப் பையில் கை விட்டபோது, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள்.

உத்தரவின் நகல் தபாலில் மேல்திட்டுக்கு வந்து சேர்ந்தது 23-9-1991, திங்கட்கிழமை.