அப்டேட் விழுங்கிய அழைப்பிதழைத் தேடி விஸ்வநத்தம் வரை

பழைய கோப்பைத் திறக்க வழியில்லாமல் தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அண்ணன் மகனுக்கு இருக்கன்குடியில் காதுகுத்து. அழைப்பிதழை நான்தான் அடித்து வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் அச்சுக்குப் போக வேண்டும். முந்தின நாள்தான் கணினிக் கடைக்காரர் "பழசு இனி ஓடாது" என்று புது மென்பொருளை ஏற்றிக் கொடுத்தார். திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக நிற்கிறது. ஓடுகிற வண்டியை நிறுத்திவிட்டுப் புதுசு வாங்கு என்பது என்ன நியாயம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்ப அடிக்கலாமே என்பீர்கள். யார் பெயர் முதலில் என்று அண்ணன் வீட்டுக்கும் அண்ணி வீட்டுக்கும் நடந்த சண்டையைப் பேசித் தீர்த்தவள் நான். ஒப்புக்கொண்ட வரிசை அந்தக் கோப்பில் மட்டும்தான் இருக்கிறது. ஒரு பெயர் இடம் மாறினாலும் தாய்மாமன் வரமாட்டார். அவர் மடி இல்லாமல் காதுகுத்து ஏது?

கோப்பைப் போனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். காலை 8.10க்கு எங்கள் ஊர் மல்லாங்கிணற்றில் விருதுநகருக்கு டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம். விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு ஒரு மணி நேரம், 28 ரூபாய். அங்கே ஏறிய இரண்டு டிசைன் கடையிலும் "புதுசுக்கு மாறிருங்கக்கா" என்ற ஒரே பாட்டுதான். விடுவேனா? ஷேர் ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"விஸ்வநத்தத்துல பட்டாசு லேபிள் போடுற முத்துச்செல்விகிட்ட பழசு இருக்கும். ஏறுங்க, இருபது ரூவா."

இருந்தது. "இந்தக் கம்ப்யூட்டருக்கு நெட்டே குடுக்கலக்கா. குடுத்தா நம்மளக் கேக்காமலே மாத்திப்புடுவாங்க" என்றபடி முத்துச்செல்வி என் போனை ஒயரில் மாட்டிக் கோப்பைத் திறந்தார். பெயர்கள் வரிசை குலையாமல் நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் கடைசிவரை படித்தார். "நீங்க பிள்ளைக்கு என்ன முறையாகணும்?"

"அத்தை."

"அத்தை பேரு இங்கன இல்லையே?"

"எடம் பத்தல. சண்டை தீர்ந்தாப் போதும்னு என் பேர நான்தான் எடுத்துட்டேன்."

"எழுத்தக் கொஞ்சம் சிறுசாக்குனா ஒரு வரி கெடைக்கும். போடவா?"

அத்தனை பேர் பெயரையும் காப்பாற்றத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன். என் பெயரை அழிக்க எந்த அப்டேட்டும் தேவைப்படவில்லை.

"போடுங்க. அத்தை ராஜாமணி."

இப்படிப் போகிறவர்கள் மதிய சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போய்விடுங்கள். கோப்பு திறந்ததும் எழுத்தைக் கர்வ் ஆக்கித் தரச் சொல்லுங்கள். எழுத்து படமாகிவிடும், அப்புறம் எந்த மென்பொருளாலும் கலைக்க முடியாது. எனக்கு நூறு ரூபாய் ஆனது. அச்சகத்துக்கு என் போனிலிருந்தே அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அச்சகத்தில் அழைப்பிதழைப் பார்த்துவிட்டு அண்ணன் போனில் கூப்பிட்டார். "ஒன் பேர எடுத்துட்டேன்னுதான சொன்ன? அவுக வீட்டுல கேட்டா என்ன சொல்ல?"

"இனிமே அதை மாத்த முடியாதுண்ணே" என்றேன்.